நாற்பதுக்கு மேல்

எங்கள் மாவட்டத்தில் மௌனத்துக்குத் தட்டுப்பாடு வந்து பதினொரு மாதமாகிறது. அதனால் பேருந்து நிலையக் குண்டுவெடிப்பில் இறந்த ஒன்பது பேரும் இன்னும் நான்காவது நடைமேடையில் நிற்கிறார்கள். அவர்களுக்காக ஊர் ஒரு நிமிடம் முழுதாக மௌனமாக இருந்தால்தான் வண்டி வரும். விதி அப்படி.

நான் அரசு மௌனக் கிடங்கில் ஆபரேட்டர். அருமையான ஏற்பாடு, சொல்கிறேன். மௌனம் பீப்பாயில் இருக்கும். வால்வைத் திறந்தால் தரையோடு பரவும். முதலில் செருப்புச் சத்தம் அடங்கும், பிறகு இருமல், கடைசியாகச் செல்போன். மீட்டரில் முள் நொடிகளைக் காட்டும். எங்கள் மீட்டரில் நாற்பதுக்கு மேல் எண்களே கிடையாது. தேவைப்பட்டதில்லை. எந்தக் கூட்டத்திலும் நாற்பதாவது நொடியில் யாராவது மைக்கில் “நன்றி, அமரலாம்” என்று சொல்லிவிடுவார்கள். நன்றி என்ற சொல் பட்டதும் மௌனம் கிழிந்துவிடும். மிச்சம் ஆவியாகிவிடும்.

இன்று நான்காவது நடைமேடைக்கு எதிரே போட்ட பந்தலுக்கு நட்பு நாடு ஒரு பீப்பாய் கொண்டுவந்தது. தானே நேரில் வந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி போல இருந்தது. தோளில் பனி, மடியில் இரண்டு ஏரிகள். மக்கள் எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். அருகில் போனால் டிராம் ஓடுவது கேட்டது.

பீப்பாயின் மீட்டரில் அறுபது வரை எண்கள்! மூன்று முறை எண்ணிப் பார்த்தேன்.

“அண்ணே, இதாவது முழுசா இருக்குமா?” என்றார் சகாயமேரி. அவர் கணவர் அருளப்பன் நடைமேடையில் நிற்கும் ஒன்பது பேர் வரிசையில் மூன்றாவது ஆள். கையில் புது மிக்சிப் பெட்டி.

“அறுபது இருக்கு தங்கச்சி. கண்ணால பாத்தேன்.”

“போன வாட்டியும் இப்படித்தான் சொன்னீங்க. அவருக்குக் கால் வீங்கிப்போச்சு.”

“வீங்கல. சும்மா சொல்றா,” என்றார் அருளப்பன்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் கனகசபாபதி பொன்னாடையுடன் நின்றார்.

“அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. நன்றி சொல்லணுமே, சார்.”

“அறுபது முடியட்டும். வேற பீப்பாய் இல்ல.”

“எனக்குத் தெரியுது. வாய்க்குத் தெரியாதே. முப்பது வருஷப் பழக்கம்.”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். திறந்தேன். செருப்புகள் அடங்கின. இருமல் அடங்கியது. முள் வழுக்கிக்கொண்டு போனது. முப்பது. முப்பத்தைந்து. நாற்பது.

கூட்டம் உட்காரத் தொடங்கியது. யாரும் சொல்லவில்லை; முழங்கால்களே மடங்கின. கனகசபாபதியின் வாய் திறந்தது.

நட்பு நாடு நின்றுகொண்டே இருந்தது. அதற்கு எங்கள் வழக்கம் தெரியாது.

விருந்தாளி நிற்கும்போது நாம் உட்காரலாமா? எண்ணூறு பேரும் பாதி மடங்கிய நிலையில் நின்றுபோனார்கள். தொடைகள் நடுங்கின. கனகசபாபதி பொன்னாடையைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

நாற்பத்தொன்று. நான் அதைப் பார்ப்பது இதுவே முதல் முறை. நாற்பத்தைந்தில், அருளப்பனின் இடது புருவத்தில் ஒரு தழும்பு தெரிந்தது. பதினொரு மாதம் எதிரே நின்றும் பார்த்ததில்லை. ஐம்பதில், வரிசையின் கடைசியில் நிற்கும் பெண் பாதி நகங்களுக்குத்தான் சாயம் பூசியிருந்தது தெரிந்தது. ஒன்பது பேரையும் பார்த்து முடிக்கச் சரியாகப் பத்து நொடி மிச்சமிருந்தது. எவ்வளவு துல்லியமான கணக்கு!

அறுபது.

வண்டி வந்தது. ஊர்ப் பலகை இல்லை. எட்டுப் பேர் ஏறினார்கள். அருளப்பன் பெட்டியை மனைவியிடம் கொடுத்தார்.

“வாரண்டி கார்டு உள்ள இருக்கு.”

“சன்னலோரமா உக்காருங்க,” என்றார் சகாயமேரி.

அவர் சன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி பந்தலின் துணியைக் கிழிக்காமல் அதன் ஊடாகப் போய்விட்டது.

கனகசபாபதி பொன்னாடையை வெளியே எடுத்தார். நனைந்திருந்தது. போர்த்த முடியாது. அவர் அழுதுகொண்டு மைக்கைத் தேடினார்.

அதற்குள் சகாயமேரி நட்பு நாட்டின் அருகே போய்விட்டார். பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்தார்.

“உக்காருங்கம்மா. எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க.”

நட்பு நாடு உட்கார்ந்தது. ஏரிகள் தளும்பின. உள்ளே டிராம்கள் நின்றன.

“உள்ள இருக்கவங்களும் நின்னாங்கள்ல?” என்றார் சகாயமேரி. “அண்ணே, எல்லாருக்கும் டீ சொல்லுங்க.”

நான்கு கோடி டீ. கடையை நோக்கி ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது, சர்க்கரை எத்தனை பேருக்கு வேண்டாம் என்று கேட்கவில்லை. திரும்பி ஓடினேன். நட்பு நாடு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தது.