கேட்காமல் போட்ட கட்டைவிரல்

பாண்டித்துரைக்கு நான் போட்ட முதல் நிபந்தனை, வாட்ஸாப்பில் அனுப்பும் குரல்பதிவில் ஒரு வார்த்தைகூடத் தமிழ் வரக்கூடாது என்பது. இரண்டாவது, தினமும் ஒன்று அனுப்ப வேண்டும். மூன்றாவது எனக்கானது. கேட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் கட்டைவிரல் போடுவேன் என்றேன். அவர் மூன்றையும் நம்பினார்.

வளைகுடாவில், ருவைஸில் ஒரு நிறுவனத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பாண்டித்துரை வேறொரு ஒப்பந்தக்காரரிடம் சாரம் கட்டுபவர். பரமக்குடிப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆலையின் பராமரிப்பு வேலை முடிந்ததும் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தொழிலாளர் கேம்ப் முழுக்கப் பேச்சாக இருந்தது. அவர் தங்குவதற்கு ஒரே வழி, அன்றன்றைய வேலைக்கு அனுமதிச் சீட்டை வாங்கி வைத்திருக்கும் பொறுப்பாளராக மாறுவது. அதற்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு உண்டு. "இப்போது அங்கே என்ன நடக்கிறது?" என்று வாக்கி டாக்கியில் கேட்பார்கள். உடனே சொல்ல வேண்டும்.

"மக சங்கீதா நர்சிங் ரெண்டாம் வருசம் சார். இன்னும் ரெண்டு வருசம் இங்கன ஓட்டிட்டேன்னா போதும்" என்றார்.

அதனால் எல்லாக் காலங்களையும் விட்டுவிட்டு, நடந்துகொண்டிருக்கும் காலத்தை மட்டும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்ப் கேன்டீனில் உட்கார்வோம்.

"ஐ ஈட்டிங்" என்பார்.

"நடுவுல 'ஆம்' எங்கண்ணே போச்சு?"

"அது இல்லாட்டியும் புரியுதுல்ல?"

"மேல ஏறும்போது பெல்ட்டுக் கொக்கிய மாட்டாம ஏறுவீங்களா?"

அவர் சிரித்தார். "அப்ப ஆம், இஸ், ஆர் மூணும் கொக்கி. கொக்கிய மாட்டிட்டுத்தேன் இங் போடணும். இத மொதல்லயே சொல்லீருந்தா ஒரு வாரம் மிச்சமாயிருக்கும்ல சார்."

அதன்பிறகு அவர் கொக்கியை விட்டதே இல்லை. மேசையில் அடித்துக்கொண்டே சொல்வார். ஐ ஆம் ஃபிக்ஸிங் த பைப். ஹி இஸ் ஹோல்டிங் த லேடர். தே ஆர் கமிங் டவுன். ஒரே ஒரு இடத்தில்தான் மல்லுக்கு நின்றார். 'ஐ ஆம் நாட் நோயிங்' என்று சொல்லக்கூடாது, தெரிவது, புரிவது இதற்கெல்லாம் இங் வராது என்றேன்.

"அதெப்படி சார்? எனக்குத் தெரியாம இருக்கிறது தெனமும் நடந்துக்கிட்டுத்தான இருக்கு?"

விதி அப்படி என்றேன்.

குரல்பதிவுகள் மாலை ஐந்தரைக்கு வரும். பின்னால் பேருந்தின் இரைச்சல், யாரோ இந்தியில் கத்துவது, நடுவே அவருடைய கவனமான குரல். முதல் மாதம் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டேன். ஜூன் வெயில் ஏறியபோது அலுப்பும் ஏறியது. நான் அதிகம் பேசாதவன். அலுவலகம் விட்டு வந்து புத்தகத்தோடு உட்காரும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பகலைக் கடத்துகிறவன். பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கேட்காமலேயே கட்டைவிரல் போடப் பழகிக்கொண்டேன்.

என் மனைவி சம்யுக்தா ஒருநாள் பார்த்துவிட்டாள். "கேட்டுட்டுத்தான் போடுறீங்களா?"

"என்ன இருக்கப் போகுது? ஐ ஆம் ஈட்டிங் ரொட்டி."

"அப்ப கேக்கலைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. பாவம், தினம் மெனக்கெடுறார்."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அந்தப் புதன்கிழமை பதிவு காலை பதினொன்றுக்கே வந்தது. நேரம் மாறியிருப்பதை நான் கவனித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். கவனித்தேன். கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் கோப்புக்குத் திரும்பினேன்.

ஞாயிறன்று நேர்முகத் தேர்வுக் கேள்விகளை அச்செடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். பாண்டித்துரை இல்லை. கேம்ப் பஸ் ஓட்டும் காதர் மைதீன் டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"யாரத் தேடுறீங்க சார்? அவர நேத்தே ஏத்திவிட்டாச்சு. நான்தான் ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போனேன்."

"இன்டர்வ்யூ இருக்கே?"

"இன்டர்வ்யூவாவது ஒண்ணாவது. புதன்கெழம ஆபீசுக்குக் கூப்புட்டு ஒரு பேப்பர நீட்டிருக்காங்க. சொந்த விருப்பத்துல வேலைய விடுறேன்னு இங்கிலீசுல. இன்டர்வ்யூவுக்குத்தான் கையெழுத்துன்னு இவரு நெனச்சுட்டாரு. கலாஸ், முடிஞ்சது, விசா கேன்சல். பக்கத்து ரூம்காரன் போடமாட்டேன்னு நின்னான், அவன் இங்கதான் இருக்கான்." டீயை ஊதினார். "இவருக்கும் சந்தேகம்தான். ஆனா சார்கிட்ட கேட்டேன், சார் சரின்னுட்டாருன்னு சொன்னாரே? நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து பதிவுகளைத் திறந்தேன். பதினேழு, கேட்கப்படாமல் கிடந்தன. நான் கேட்டால் ஒலிவாங்கிக் குறி அவருடைய போனிலும் நீலமாகும். புதன்கிழமை நான் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கேட்காமலே விட்டால், சார் தப்பாகச் சொல்லிவிட்டார் என்ற அளவில் அது நின்றுவிடும். தப்பாகச் சொன்னவனாக இருப்பது எனக்கு எளிதாகத் தோன்றியது. மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன். புத்தகம் திறந்த பக்கத்திலேயே கிடந்தது.

நான்காம் நாள் புதன்கிழமைப் பதிவை அழுத்தினேன்.

"சார், ஐ ஆம் ஸ்டாண்டிங் இன் ஆபீஸ். தே ஆர் கிவிங் ஒன் பேப்பர். தே ஆர் நாட் அலவிங் போட்டோ." மூச்சு வாங்குகிறார். "வாட் இஸ் ரிட்டன் இன் பேப்பர், ஐ ஆம் நாட் நோயிங். தே ஆர் வெயிட்டிங். ஐ ஆம் சைனிங், சார்? ப்ளீஸ் யூ ஆர் டெல்லிங்."

எல்லா இடத்திலும் கொக்கி இருந்தது. தமிழில் ஒரு சொல்கூட இல்லை. அந்த அவசரத்திலும் என் நிபந்தனையை அவர் மீறவில்லை. மீறியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது என்பது வேறு.

குறி நீலமாகிவிட்டது. உடனே அவரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார்! நல்லாருக்கீகளா?"

"அண்ணே, புதன்கிழமை அனுப்பினத இப்பத்தான் கேட்டேன்."

மறுமுனையில் ஒரு கோழி கத்தியது. யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள்.

"கேட்டா நீலமாகும்னு காதரு ஒருக்கா சொன்னாப்ல" என்றார். "அதுலருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். புதுசு எதுவும் ஆகவே இல்ல. வெரல் மட்டும் கரெக்டா வந்துரும். சரி, எம்போனுதேன் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"தப்பு என்னோடதுதாண்ணே. ஏதாவது செய்ய முடியுமான்னு ஆபீஸ்ல விசாரிக்கிறேன்..."

"விசா கேன்சல் அடிச்சாச்சே சார்."

"தெரியும்."

"சங்கீதாவுக்கு இன்னிக்கிக் காலேஜ் பஸ் வரல. கொண்டுபோயி விடணும். வச்சிரட்டுமா?"

வைத்துவிட்டார்.

மீதிப் பதினாறையும் வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றாக நீலமாயின. அங்கே அவர் பார்த்தால் பார்க்கட்டும். பதினோராவது பதிவில் பேருந்து இரைச்சலுக்கு நடுவே நின்று நிதானமாகச் சொல்லியிருந்தார். "டுடே ஐ ஆம் நாட் டயர்ட். ஐ ஆம் லேர்னிங். சார், யூ ஆர் ஹியரிங்?"

அதற்கும் கீழே என் கட்டைவிரல் இருந்தது.