ஆண்டு சொல்லும்வரை

ஞானமலர் மிஸ்ஸின் மேசையில் ஒரு பழைய றிவோல்வரை வைத்தால், அது கடைசியாகக் கொன்ற ஆள் பத்து நிமிடத்துக்குள் படலையைத் திறந்துகொண்டு வந்து எதிர்க் கதிரையில் இருப்பார். அந்தத் துவக்கு எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று மிஸ் சரியாக வாய்விட்டுச் சொன்னதும் எழும்பிப் போய்விடுவார். பிழையாகச் சொன்னால் அசைய மாட்டார். கல்லாற்றில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இறால் விலை ஏறினால்தான் பேசுவார்கள்.

மிஸ் முப்பத்தொரு வருடம் கச்சேரியில் துவக்கு லைசன்ஸ் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடவில்லை. அப்பாவின் அலுமாரியில் துணிக்கடியில் றிவோல்வர் ஒன்று கிடந்தது, இது என்ன இனம், எந்தக் காலத்துச் சாமான் என்று கடிதம் தாருங்கள், அப்போதுதான் பெயர் மாற்றலாம் என்று பிள்ளைகள் வருவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் துவக்கு அடுக்கி வைக்கிற பெரிய மனிதர்கள் கொழும்பிலிருந்து காரில் வருவார்கள். மிஸ் பிடியைக் கழற்றி உள்ளே கொத்தியிருக்கும் இலக்கத்தைப் பார்ப்பார். குழலுக்குக் கீழே அடித்திருக்கும் கிரீட முத்திரையைப் பூதக்கண்ணாடி பிடித்துப் பார்ப்பார். திருகாணித் தலையில் உள்ள வெட்டை நகத்தால் தடவுவார். பிறகு ஆண்டைச் சொல்லிவிட்டுக் கதிரையைப் பார்ப்பார். கொழும்பு ஆட்கள் புத்தகத்தை நம்பினார்கள், மிஸ் கதிரையை நம்பினார். எல்லாத் துவக்குக்கும் ஆள் வருவதில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த ஒன்றுக்கு விசர்நாய் வந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றா, பன்னிரண்டா என்று மிஸ் இரண்டு நாள் யோசிக்க, நாய் இரண்டு நாளும் வளவில் நின்றது. பக்கத்து வீட்டு அருளப்பு, வாவியில் வலை போடுகிற மனிதர், வேலிக்கு மேலால் கத்தினார். “மிஸ், ஒண்டில் பதினொண்டு எண்டுங்க, இல்லாட்டிப் பன்னிரண்டு எண்டுங்க! என்ர ஆட்டுக்கு நான் என்ன பதில் சொல்ற?”

மிஸ் கலியாணம் கட்டவில்லை. தாய் போய்ப் பதினாறு வருடம். கனடாவில் இருக்கிற மருமக்கள் நத்தார் பண்டிகைக்கு ஒரு தடவை வீடியோவில் வந்து கை காட்டுவார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் வானொலிதான். இறந்தவர்களும் பேசுகிற சாதி இல்லை. கதிரையில் இருந்து வாவியைப் பார்ப்பார்கள், இப்போது என்ன வருடம் என்று சிலர் கேட்பார்கள், அவ்வளவுதான். தொழில் கைவரக் கைவர மிஸ் ஆண்டை வேகமாகப் பிடித்தார். வேகமாகப் பிடிக்கப் பிடிக்க அவர்கள் வேகமாகப் போனார்கள். கடைசியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதிரை காலியாகிற அளவுக்கு மிஸ் கெட்டிக்காரியாகிவிட்டார்.

பங்குனி மாதம் வெல்லாவெளியிலிருந்து சிவதர்ஷன் வந்தான். முப்பது வயது, வயல் செய்கிறவன். அவனுடைய பூட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் வட்டை விதானையாக இருந்து, வயலுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவர். அவருடைய றிவோல்வர் தகப்பன் செத்த பிறகு நெற்பெட்டிக்குள் இருந்து வெளியே வந்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் மிஸ்ஸின் கடிதத்தோடு பதியாவிட்டால் அது கள்ளத் துவக்கு. அதுவரை பரிசோதனைக்கென்று மிஸ்ஸிடம் வைக்கலாம் என்று கச்சேரியில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். “பொலிஸ் வந்தா நான்தான் மிஸ் உள்ளுக்க போகணும். பொஞ்சாதிக்கு இப்ப ஏழு மாசம்,” என்றான். அவன் சொல்லி முடிக்கவும் படலை திறந்தது. தடித்த வெற்றுடம்பும் மடித்துக் கட்டிய சாரமுமாக ஒருவர் வந்து கதிரையில் இருந்தார். பழுகாமத்து வினாயகமூர்த்தி என்று தன்னைச் சொன்னார். தண்ணிக் காவலுக்குப் போன இடத்தில் வரம்போரமாகக் குந்தியிருந்தபோது வெடி விழுந்ததாம். “காட்டுப் பண்டி எண்டு நினைச்சிட்டாங்க,” என்றார். “பிழை சொல்லேலா. உடம்பப் பாருங்களன்.” சிவதர்ஷன் தன் பூட்டன் செய்த வேலை இது என்று எண்ணி அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவசரமாகக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

மிஸ் பிடியைக் கழற்றினார். இலக்கம் பளிச்சென்று இருந்தது, ஆண்டும் உடனே பிடிபட்டது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு. சொல்ல வாயைத் திறந்தபோது வினாயகமூர்த்தி கேட்டார்: “புள்ள, சாப்பிட்டீங்களா?”

மிஸ் வாயை மூடிக்கொண்டார். பிடியைத் திரும்பப் பூட்டி, றிவோல்வரைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, இரண்டு பேருக்கு அரிசி போட்டார்.

இப்படித்தான் ஒரு நாள் இருக்கட்டும் என்றது ஒரு கிழமையானது. கிழமை மாதமானது. வினாயகமூர்த்தி நன்றாகச் சாப்பிட்டார். வாவி மீன் குழம்புக்குப் புளி காணாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது, தெரிந்த பெயர் ஏதும் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். மிஸ் சந்தைக்குப் போய் வந்தால், “வெயிலுக்க என்னத்துக்கு நடந்த, ஓட்டோவில வந்திருக்கலாமே,” என்று ஏசினார். தன்னை ஏசுவதற்கு ஒரு ஆள் இருக்கிறதை மிஸ் திருநாள் போலக் கொண்டாடினார். சிவதர்ஷன் மாதம் ஒரு தடவை வந்தான். இலக்கம் தேய்ந்திருக்கிறது என்றார் மிஸ். பிறகு, இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொய்க் கடிதம் எழுதாத கை அது, இப்போது வாய் மாதத்துக்கு ஒரு பொய் சொன்னது. ஆவணியில் சிவதர்ஷனுக்குப் பெண் பிள்ளை பிறந்து மூன்று மாதமாகியிருந்தது, அவன் போனில் படம் காட்டினான். கார்த்திகையில் அவனுடைய கன்னம் ஒட்டியிருந்தது. அருளப்பு மட்டும் வேலிக்கு அங்கால் நின்று, “என்னகா, இந்த ஆள் இன்னும் போகல்லியா? எந்தக் காலத்துத் துவக்குகா அது, சோழன் காலமா?” என்று சிரித்தார்.

மார்கழி இருபத்தொன்பதாம் திகதி காலை சிவதர்ஷன் வந்தான். விறாந்தைப் படியில் இருந்தான், அழவில்லை, அழுதிருந்தால் நல்லது போல இருந்தான். “நாளையண்டைக்குக் கடைசி நாள், மிஸ். ஏலாது எண்டா சொல்லுங்க. வாவிக்க எறிஞ்சிட்டுப் போறன். அதுவும் குற்றமாம்.”

பேசியது கதிரையில் இருந்தவர். “ஆண்டு உங்களுக்கு முதல் நாளே தெரியும், புள்ள. பிடியக் கழட்டக்க உங்கட முகத்தப் பார்த்தன். எனக்கும் இஞ்ச நல்லாத்தான் இரிக்கு. ஆனா இந்தப் பொடியன்ர முகத்தையும் ஒருக்காப் பாருங்க.”

மிஸ் பார்த்தார். பிறகு எழும்பி நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, “ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு,” என்றார்.

வினாயகமூர்த்தி அசையவில்லை. அவரே தன் காலைக் குனிந்து பார்த்தார். மிஸ் தொண்ணூற்றைந்து என்றார், தொண்ணூற்றேழு என்றார். கதிரை நிறைந்தபடியே இருந்தது. கதிரை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. மிஸ் ஓடிப்போய் றிவோல்வரை எடுத்து வந்து, குண்டு போடுகிற சிலிண்டரைக் கழற்றினார். எந்தத் துவக்கு வந்தாலும் கடிதம் எழுதுமுன் கழற்றிப் பார்ப்பது அது. உடலில் உள்ள இலக்கமும் சிலிண்டரில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்க்காமல் ஒரு கடிதமும் அவர் எழுதியதில்லை. இந்த ஒன்றைத்தான் ஒன்பது மாதம் கழற்றவில்லை, கழற்றினால் வேலை முடிந்துவிடும். சிலிண்டரின் பின்பக்கத்தில் வேறு இலக்கம் இருந்தது.

“இது உங்கட துவக்குச் சிலிண்டர் இல்லியே, தம்பி,” என்றார் மிஸ்.

சிவதர்ஷன் தலையில் கை வைத்தான். “கரச்சல் வந்த ஒரு வருசம் துவக்கெல்லாத்தையும் பொலிசில குடுக்கச் சொன்னதாம், மிஸ். எங்கட ஆக்கள் துவக்கக் குடுப்பாங்க, சிலிண்டரக் குடுக்க மாட்டாங்க. கழட்டி நெல்லுக்க புதைச்சிருவாங்க. பூட்டனுக்கும் அவர்ர தம்பிக்கும் ஒரே மாதிரித் துவக்கு.”

“ரெண்டையும் ஒரே பெட்டிக்கயா போட்ட?”

“ஒரே வீடுதானே, மிஸ்.”

துவக்கு திரும்பி வந்தபோது அண்ணனுடையதில் தம்பியுடைய சிலிண்டரைப் பூட்டிவிட்டார்கள். வெடி கிளம்பிய சிலிண்டரோடுதான் வினாயகமூர்த்தி வந்திருக்கிறார். “அப்ப என்ர பூட்டன் இவரச் சுடல்ல,” என்று சிவதர்ஷன் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். “தம்பிக்காரன்தான், மனே,” என்றார் அவர். “கண் பார்வை காணாது அந்தாளுக்கு.”

மிஸ் கடிதத்தை எழுதினார். உடல் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு, சிலிண்டர் வேறொரு துவக்கினது, அதன் ஆண்டு இன்னது என்று இரண்டையும் எழுதிக் கையொப்பம் வைத்து, றிவோல்வரோடு சிவதர்ஷனின் கையில் கொடுத்து, பஸ் போய்விடும் என்று அனுப்பினார். எழுதினால் ஒன்றும் நடக்காது, வாயால் சொல்ல வேண்டும். அது மிஸ்ஸுக்கும் தெரியும், கதிரையில் இருந்தவருக்கும் தெரியும். இனிச் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. வினாயகமூர்த்தி சாரத்தைச் சரிசெய்துகொண்டு வாவிக்கு அங்கால், பழுகாமப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்பது மாதமும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மிஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆயிரத்துத் தொளாயிரத்து இரண்டு,” என்றார் மிஸ்.

அவர் எழும்பினார். மற்றவர்களைப் போலப் படலையால் போகவில்லை, வளவின் பின்பக்கமாக நேரே வாவிக்குள் இறங்கினார். தண்ணீர் அவருக்கு முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. நடு வாவியிலும் முழங்கால்தான். மிஸ் சேலையோடு பின்னால் இறங்கினார். பத்தடியில் இடுப்பு, இருபதடியில் கழுத்து. அதற்கு மேல் நிலம் இல்லை. வினாயகமூர்த்தி ஒரு புள்ளியாகி அக்கரைப் பற்றைக்குள் மறையும்வரை கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, சேலையைப் பிழிந்து கொடியில் போட்டார்.

அன்றிலிருந்து மிஸ் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து அக்கரைவரை வாவி ஒரு கோடாக முழங்காலளவுதான். அருளப்பு வலையை அந்தக் கோட்டுக்கு மாற்றிவிட்டார், இறால் நன்றாகப் படுகிறது. பழுகாமத்துப் பெண்கள் சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கால் நடந்து கல்லாற்றுச் சந்தைக்கு வந்து போகிறார்கள். தோணிக்காரர் இரண்டு கிழமை புறுபுறுத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். ஞானமலர் மிஸ்ஸுக்கு மட்டும் அதே இடத்தில் கழுத்தளவு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் இறங்கிப் பார்க்கிறார். இருபதடியில் கழுத்து. குழந்தைகள் முழங்காலளவில் அவரைக் கடந்து போகிறார்கள், “குட் ஈவினிங், மிஸ்!” என்று கும்பிடுகிறார்கள். மிஸ் தண்ணீருக்கு வெளியே தலையை ஆட்டுகிறார்.