நான் வரையாத பக்கம்

நானும் நாத்தனாரும் ஒரே அலுவலகம். ஒரு மருத்துவமனையின் இணையதளத்துக்கு நான் திரைகளை வரைவேன், அவற்றை இயங்கவைக்கும் கோட் அவள் எழுதுவாள். வீட்டில் நல்ல ஒற்றுமை. வேலை என்று வந்தால் மட்டும் கீரியும் பாம்பும்.

"அண்ணி, கொஞ்சம் கோட் கத்துக்கோங்களேன்" என்பாள்.

"நீ முதல்ல கலர் பார்க்கக் கத்துக்கோ" என்பேன். அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வாரம் அவள் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு எங்கள் தளத்தில்தான் வரும். வியாழக்கிழமை இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டால் அத்தை வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில வேணும்ல" என்றார். "காலையில நானே பார்த்துட்டேன்மா. சிவப்புல வந்திருக்கு. பிழைன்னு போட்டிருக்கு."

போனை வாங்கினேன். திரை முழுக்கச் சிவப்பு. முடிவு வெள்ளிக்கிழமை மாலைக்குள் என்று ஆய்வகம் சொல்லியிருந்தது. இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"என்னடி இது?" என்று நாத்தனார் மேல் பாய்ந்தேன்.

"முடிவு வராதப்போ என்ன காட்டணும்னு நீங்க வரையவே இல்லையே அண்ணி. எல்லாப் பிழைக்கும் போடுறதையே போட்டேன்."

முடிவு வந்த பக்கத்தை மூன்று முறை அழகுபடுத்தியவள் நான். வராத பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

"இன்னும் வரலம்மா, அவ்வளவுதான்" என்றாள் அவள், அழாத குறையாக.

"எனக்காகச் சொல்றீங்க." அத்தை இன்னொரு துணியை மடித்தார்.

"அந்த வரி எங்க இருக்கு, காட்டு" என்றேன். லேப்டாப்போடு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தோம். பிழைக்குப் பதிலாக வர வேண்டிய வாக்கியத்தை நானே கோட் நடுவே தட்டினேன். ஒரு மேற்கோள் குறியை விட்டுவிட்டேன், பக்கமே காணாமல் போயிற்று. வேறொரு நாளாக இருந்தால் வருஷம் முழுக்கக் கிண்டல் செய்திருப்பாள். இப்போது குறியை மட்டும் சேர்த்தாள். நிறம் அவள் பொறுப்பு. வெகுநேரம் தேடி வெளிர் நீலத்தில் நின்றாள்.

"இது பயமுறுத்தாதுல்ல அண்ணி?"

"பயமுறுத்தாது."

மூன்று மணிக்குத் தளத்தில் ஏற்றினோம். அத்தை மறுபடி திறந்தார். 'உங்கள் பரிசோதனை இன்னும் நடக்கிறது. நாளை மாலைக்குள் முடிவு வரும்.' விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"சாப்பிட ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றார். "காலையிலேருந்து பட்டினி."