தூக்கிவிட ஓர் ஆள்

நெட்டையன் கொக்கிக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். மகளின் விமான டிக்கெட்டுக்காக வாங்கியது. கொக்கி அந்தப் பணத்தைப் பழைய மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கச் சேர்த்து வைத்திருந்தான். முதுகு போய்விட்டது, இனி மூட்டையோடு மாரடிக்க முடியாது, வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

இருவரும் ஒரே கிடங்கில் சுமை தூக்குகிறவர்கள். அங்கே ஆளுக்கொரு ஜோடி உண்டு. மூட்டை முதுகில் ஏறிவிட்டால் கால் தானாக நடந்துவிடும்; தரையிலிருந்து முதுகுக்கு ஏற்றத்தான் இன்னொருவன் வேண்டும். ஜோடி ஏனோதானோ என்று தூக்கிவிட்டால் இடுப்பு அன்றைக்கே பிடித்துக்கொள்ளும். கொக்கி தூக்கிவிட்டால் மூட்டை ஏறியதே தெரியாது. பதினோரு வருடமாக அவன்தான் நெட்டையனுக்கு ஜோடி. மனைவி இறந்த பிறகு, மகளை விட்டால் நெட்டையன் வாய்திறந்து பேசுகிற ஒரே ஆளும் அவன்தான்.

மகளுக்கு ஒரு வருடம் வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்க இடம் கிடைத்தது. அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும், இங்கிருந்து இவள் அங்கே போவாள். படிப்புக்கும் தங்கவும் செலவில்லை. டிக்கெட்டை மட்டும் கைக்காசு போட்டு எடுத்துக்கொண்டு போனால், போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கல்லூரி பணத்தைத் திருப்பித் தந்துவிடும்.

டிக்கெட் எடுக்க மூவருமாகப் போனார்கள். லாரி ஆபீசில் வாடகையைச் சரக்கு சேருகிற இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும் என்றால் ‘டு-பே’ என்று எழுதி அனுப்புவார்கள். நெட்டையன் அதை மனதில் வைத்துக்கொண்டு, எப்படியும் அந்தக் கல்லூரிதானே கொடுக்கப்போகிறது, டு-பே போட்டுவிடுங்களேன் என்று கேட்டான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். மகள் தரையைப் பார்த்தாள். கொக்கி பணக்கட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"வண்டி எங்க ஓடிடப் போகுது? முதல்ல புள்ள போகட்டும்."

வண்டியின் சொந்தக்காரர் மழை முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

பெட்டி இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகக்கூடாதாம். பெட்டியோ பழசு, ஜிப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. சுமையை எப்படித் தூக்கி எறிவார்கள் என்று நெட்டையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் நகல் எடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், கோணி ஊசியும் இரட்டைச் சணலும் கொண்டுவந்து, பெட்டியைச் சாக்கில் சுற்றி நாலு பக்கமும் நெருக்கித் தைத்துவிட்டான். திரும்பி வந்தவள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கைப்பிடி எங்கப்பா?"

அதை மறந்தே போயிருந்தான். கத்தியால் கீறி வெளியே எடுத்துவிட்டான்.

விமான நிலையத்தில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே. பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பயணம் போகிற பிள்ளைகள் கண்ணாடிப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நின்றார்கள். நெட்டையனும் அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் நின்றான். சொல்ல நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். ஆனால் உள்ளே ஓர் அதிகாரி சாக்கைக் காட்டி, பிரிக்கச் சொல்வது தெரிந்தது. அவள் யார் யாரிடமோ கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினாள். அது அவன் போட்ட முடிச்சு, லேசில் விடாது. புதுச் சட்டையெல்லாம் சணல் தூசி. பிரித்து முடிப்பதற்குள் நேரமாகிவிட, அவளை வரிசையில் முன்னே தள்ளினார்கள். போகிற போக்கில் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், வேறு ஏதோ குடும்பம் நின்ற பக்கமாக. நெட்டையனும் தன் இடத்திலிருந்தே கையை உயர்த்தினான்.

அதன்பிறகு வீடு அப்படியே கிடந்தது. அவள் போன் செய்யும் நேரம் பெரும்பாலும் இவன் முதுகில் மூட்டை இருக்கும். விடுமுறை நாளிலும் கிடங்கு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். வேலை நாளில் கொக்கி வண்டியைப் பற்றியே பேசினான்: எந்த நிறம் அடிக்கலாம், எந்தக் கடைக்குச் சரக்கு ஓட்டலாம். நெட்டையன் உம் கொட்டினான்.

ஒரு காலை மகள் கூப்பிட்டாள். டிக்கெட் பணம் கிடைத்துவிட்டதாம், முழுதும் அவன் கணக்குக்கே அனுப்பிவிட்டாளாம்.

"மாமாகிட்ட இன்னைக்கே குடுத்துடுங்கப்பா."

அன்று மத்தியானம் டீ குடிக்கும்போது, புள்ளைகிட்டயிருந்து தகவல் உண்டா என்று கொக்கி கேட்டான்.

"இன்னும் இல்ல," என்றான் நெட்டையன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. மறுநாளும் அதே பதில்தான் வந்தது. கொடுத்துவிட்டால் கொக்கி வண்டி ஏறிப் போய்விடுவான். வீட்டில்தான் யாருமில்லை என்றால் கிடங்கிலும் யாருமில்லை. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒருநாள் இவனுக்கு மூட்டையைத் தூக்கிவிட்ட கையோடு கொக்கி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது. இறக்கிவிட்டுத் திரும்பி வந்த நெட்டையனிடம், வண்டியை வேறொருவன் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், அவனுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சாயங்காலம் சொந்தக்காரரிடம் சொல்லப்போகிறேன் என்றான்.

"பாப்பா அங்க புது இடத்துல என்ன கஷ்டப்படுதோ. காசு காசுன்னு நீ அரிக்காத."

நெட்டையன் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு நேராக பேங்குக்குப் போனான். திரும்பி வந்து பணத்தைக் கொக்கியின் கையில் வைத்தான்.

"போன வாரமே வந்துடுச்சு. நான்தான் சொல்லல."

கொக்கி அவனை நிமிர்ந்து பார்த்தான். மூட்டை மேல் உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். இந்தப் பதினோரு வருடத்தில் நெட்டையன் கொடுத்த காசை அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

"சரியா இருக்கு," என்றான். சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை, அப்போதே வண்டிக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.