நானூற்றுப் பதினொரு கிலோ

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தேழு வருடம் உழைத்து ஓய்வுபெற்றவர், அறுபத்தொன்பதாம் வயதில் நானூற்றுப் பதினொரு கிலோ எடை இருந்தார். சட்டை அளவு பழைய நாற்பதுதான், பெல்ட்டில் ஓட்டை மாறவில்லை. அவர் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நானூற்றெட்டு கிலோதான் தாங்கும். அவர் ஒருவர் ஏறினாலே மணி அடித்தது. மணியில்தான் கோளாறு என்றார்கள் மற்றவர்கள். அந்த மணியை எடைக்கற்கள் வைத்துச் சரிபார்த்துப் பொருத்தியவரே அவர் என்பதால், கோளாறு தன்னிடம்தான் என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டார். மறுநாள் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஏறி நின்று உறுதியும் செய்துகொண்டார். மேடைக்காரர் வண்டி எண் கேட்டார், இல்லை என்றதும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற வருடம் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதில் ஆரம்பித்த வினை இது. எங்கே நடப்பது என்று டாக்டர் சொல்லவில்லை. எதையும் அளந்தே பழகிய மனிதர், கிலோமீட்டர் கல் நட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புறவழிச்சாலையைத் தேர்ந்தெடுத்தார். லாரியும் பஸ்ஸும் புகை கக்கும் காலை எட்டு மணிக்கு, போக மூன்று கல், வர மூன்று கல். முதல் வருடம் முப்பது கிலோ ஏறியது. எடை ஏறுகிறதே என்று நடையைக் கூட்டினார். நடையைக் கூட்டக் கூட்ட எடையும் கூடியது. மூச்சு இரைத்தது, முழங்கால் மக்கர் பண்ணியது, வீட்டில் இரண்டு நாற்காலிகள் உடைந்தன. நான்காவது மாடிக்குப் படியேறி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. பால்காரர் முதல் தபால்காரர் வரை ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். நல்ல பிள்ளைகள்தான், அதில்தான் சங்கடமே. மகன் வீடு தரைத்தளம், ஒற்றைக் கட்டில் மட்டும் போடுகிற அளவுக்கு ஒழிந்த அறை ஒன்று. மகள் வீடும் அப்படியே. அப்பா மகனிடம், அம்மா மகளிடம் என்று முடிவாயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். “மாசம் ஒருதடவ பாத்துக்கலாம்ப்பா” என்றான் மகன். நாற்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் சண்டை போட்டவர்கள், இதில் மட்டும் ஒன்றாகத் தலையாட்டி மறுத்தார்கள். மெக்கானிக் மூன்று மாதம் அவகாசம் கேட்டார். நான்கு மாடியும் நிற்காமல் ஏறிக் காட்டினால் இங்கேயே இருக்கலாம் என்றாள் மகள்.

மனைவி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். அழுவதற்கு முன் சோதனை செய்து பார்க்கிற ஆள். புறவழிச்சாலை வேலியில் ஓர் ஈரக் கைக்குட்டையும், குடிநீர் நிலையத்து மரங்களுக்கிடையே இன்னொன்றும் கட்டி, மறுநாள் அவிழ்த்து வந்தார். முதலாவது கரித்துணி ஆகியிருந்தது. இரண்டாவதில் அப்படியே முகம் துடைக்கலாம்.

“நீங்க உடம்பு போடலங்க. ரோட்டுப் புகையத்தான் சுமந்துக்கிட்டு வந்திருக்கீங்க.”

“குடிநீர் நிலையத்துல கல்லு கிடையாதே. எவ்வளவு நடந்தேன்னு எப்படித் தெரியும்?”

“நான் கூட வரேன். நான் எண்ணிக்கிறேன்.”

குடிநீர் நிலையத்தில் முதல் நாளே அவர் வைத்த அடியெல்லாம் ஷூவையும் தாண்டிக் கறுப்பாகத் தரையில் படிந்தது, ஒவ்வொன்றும் ஒரு விரல் கனம். துப்புரவுப் பணியாளர் மண்வெட்டியால் வழித்துத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார். ஒன்று போதவில்லை என்று மேலதிகாரிக்கு எழுதி இன்னொரு வண்டி வாங்கிக்கொண்டார். வீட்டில் மனைவி அவரைக் கைப்பிடி இல்லாத முக்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்கார வைத்தார், அவர் முனக முனக இருபது ஆக்கினார். மாதக் கடைசியில் இருநூற்று எண்பது கிலோ. மூன்றாம் மாதம் முடிகையில் எண்பத்து நான்கு.

பிள்ளைகள் தனித்தனி வண்டியில் வந்து இறங்கினார்கள். மனைவி மேலே வாசலில் நின்றார். பெட்டி எதையும் கட்டவில்லை. மெக்கானிக் படியேற, பிள்ளைகள் பின்னால் ஏறினார்கள். முதல் மாடிவரை அவர் தடம் கரியாக விழுந்தது, இரண்டாவதில் சாம்பல் நிறம். மூன்றாவதில் மகனுக்கு மூச்சு வாங்கியது.

“அப்பா, கொஞ்சம் நில்லுங்களேன்.”

“நின்னா உன் தங்கச்சி ஒத்துக்க மாட்டாடா” என்று திரும்பாமலே சொல்லிவிட்டு ஏறினார்.

கடைசி வரிசைப் படிகளில் ஒரு தடமும் விழவில்லை. அவரைப் பார்த்ததும் மனைவி நிலைப்படியில் உட்கார்ந்து, மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் அழுது தீர்த்தார். அவ்வளவு நிம்மதி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியை எட்டிப் பார்த்தார்.

“படியெல்லாம் கரி. காலக் கழுவிட்டு உள்ள வாங்க.”

மகள் வாளியில் தண்ணீர் பிடித்தாள். மூச்சு சீரானதும் மகன் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.