பத்து வாட்ஸும் ஒரு நாற்காலியும்

ஐந்து மணிக்குள் மகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இப்போதே மணி மூன்றேகால்.

வெளியூரில் வயலின் படிக்கும் மகள் ஒரு வாத்தியக் குழுவில் சேர விண்ணப்பித்திருந்தாள். ஒரே இசையை இரண்டு முறை வாசித்துப் பதிவு செய்திருந்தாள். அதில் ஒன்றைத்தான் அனுப்ப முடியும். "எதை அனுப்பட்டும்மா?" என்று காலையில் போனில் கேட்டாள். அவள் வில் பிடித்த நாளிலிருந்து இந்த மாதிரி விஷயங்களை முடிவு செய்வது அம்மாதான். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுத்த டீச்சர் அவள். தந்தியின் சுருதி ஒரு இழை இறங்கியிருந்தாலும் அடுத்த அறையிலிருந்தே குரல் கொடுத்துவிடுவாள்.

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும். காய்ச்சலோடு வந்த ஒரு காது நோய், போகும்போது டீச்சரின் நிம்மதியையும் கூட எடுத்துக்கொண்டு போய்விட்டது. தட்டு கீழே விழுந்தால் காதுக்குள் ஊசி ஏறியது போல வலித்தது. ஹெட்போன் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினால் வலி, குறைத்தால் வெறும் முணுமுணுப்பு. வேலையை விட்டாள். பாட்டுக் கேட்பதையும் விட்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் எதையும் விடவில்லை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டினார். கரண்டிகளைத் துணி விரித்த டிராயரில் படுக்கவைத்தார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார். ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட, உனக்காக நான் என்னவெல்லாம் செய்கிறேன் பார் என்று சொல்லிக்காட்டியதில்லை. எந்தப் புண்ணியத்துக்குக் கிடைத்த மனுஷர் என்று டீச்சர் அடிக்கடி நினைப்பாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் என்று ஒன்று இருப்பதையும், மெல்ல வைத்தாலும் அதில் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும் என்பதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். மூடப்போகிற ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அதை வாங்கி வந்தது டீச்சரின் தம்பி. கதவு உயரத்துக்கு இரண்டு பலகைகள். உள்ளே வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு படலம் அதிர்ந்து பாடும். அதை ஓட்டுவதற்காக, பழைய ரேடியோவில் வருகிற கண்ணாடி வால்வு வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நாலு மாசம் உட்கார்ந்து தன் கையாலேயே செய்தார் கணவர். இன்றுதான் அதை முதன்முதலாக ஓட்டப் போகிறார்.

"எத்தனை வாட்ஸ் அத்தான்?" என்றான் தம்பி. பொதுக்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவன் தொழில். ஊரில் அவனுக்குப் பெயரே ஆயிரம் வாட்ஸ். அக்கா வீட்டில் மட்டும் கிசுகிசுவென்று பேசுவான்.

"பத்து."

"பத்தா? எங்க ஆளுங்க கொட்டாவி விட்டாலே அதுக்கு மேல வருமே. இத்தாம்பெரிய கதவு ரெண்டை இந்தக் குருவி எப்படி அத்தான் அசைக்கும்?"

"நீ வாயை மூடு. அக்கா கேக்கட்டும்."

டீச்சர் அறையின் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். முதல் பதிவு ஓடியது. வலிக்கவில்லை. பிறகு இரண்டாவது. அதுவும் வலிக்கவில்லை. கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க கேக்குது," என்றாள். குரல் உடைந்தது. "போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. எனக்குக் காது போயிடுச்சு. இனிமே என்னை எதுவும் கேக்க வேணாம்னு அவகிட்ட சொல்லிடுங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கணவர் மட்டும் அசையவில்லை.

"அழாத. போர்வைன்னு சொன்னியே, சரியா எது காணோம்னு சொல்லு."

"வில் திரும்புற இடத்துல ஒரு சரசரப்பு வரும். அது இல்ல. மேல போறப்போ ஒரு பளபளப்பு இருக்கும். அதுவும் இல்ல."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களால் மெதுவாகத் தேய்த்தார்.

"இது கேக்குதா?"

"கேக்குது. பேப்பர்."

"அப்போ உன் காது சரியா இருக்கு. என் பெட்டிதான் சரியில்ல." நாலு மாச உழைப்பு வீண் என்று சொல்லும்போது ஒரு மனுஷருக்கு அத்தனை சந்தோஷம் வருமா? அவருக்கு வந்தது.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் குனிந்தவர், தலையில் லேசாக அடித்துக்கொண்டார். ஸ்பீக்கர் ஒயரை மாட்ட அங்கே இரண்டு இடங்கள், எட்டு என்றும் நாலு என்றும் எண் போட்டு. "இந்தப் பலகை மேல் சுரம் போகப் போகக் கரண்டை உறிஞ்சும். அதுக்கு நாலுலதான் மாட்டணும். எட்டுல மாட்டினா சத்தம் கூட வரும், ஆனா மேல திணறிடும். தெரிஞ்சும் எட்டுல மாட்டினேன்."

"ஏன்?"

"சத்தம் கம்மின்னு உன் தம்பி சிரிப்பானேன்னுதான்."

"நல்லா இருக்கே. பழி கடைசியில என் தலையிலயா?" என்றான் ஆயிரம் வாட்ஸ்.

ஒயரை நாலுக்கு மாற்றினார். சத்தம் இன்னும் இறங்கிவிட்டது. பின்சுவரில் சாய்ந்திருந்த தம்பி உதட்டைப் பிதுக்கினான். "என் குடோன்ல பெரிய ஆம்ப் இருக்கு. கொண்டு வரவா?"

"வேணாம், நானே கிட்டப் போறேன்," என்று டீச்சர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பலகைகளுக்கும் எதிரே ஆறடி தள்ளி, நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்போ போடுங்க."

அங்கே மகள் இருந்தாள். வில் திரும்பியது, சரசரப்பு கேட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு அவள் மேலே ஏறுவதும் கேட்டது. இரண்டு பதிவும் முடிந்தபோது மணி நாலரை. டீச்சர் போனைக் கையில் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"முதல்ல வாசிச்சதை அனுப்பு. நடுவுல நாற்காலி லேசா முனகுது, இருந்துட்டுப் போகட்டும். ரெண்டாவதுல தப்பு வந்துடுமோன்னு பயந்து பயந்து வாசிச்சிருக்க."

மறுபக்கம் மகளின் குரல் தாழ்ந்தது.

"அந்த முனகல் உனக்குக் கேட்டுச்சாம்மா? இங்க யாருக்குமே கேக்கல. எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன்." மகள் மூக்கை உறிஞ்சுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. "நான் சும்மா உன் மனசுக்காகத்தான் கேட்டேம்மா. உன்னால முடியும்னு நினைக்கல."

"நானும்தான் நினைக்கல. உங்கப்பா ஒருத்தர்தான் நினைச்சார். போ, நேரமாச்சு, அனுப்பு."

போனை வைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். இந்தப் பலகைகளின் சத்தம் நேர்க்கோட்டில்தான் வரும்; எதிரே ஒரு ஆள் உட்காரத்தான் சரியான இடம் உண்டு. கணவரோ இதுவரை ஓரத்தில் நின்று அவள் முகத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க."

"எனக்கு எதுக்கு? பதில்தான் சொல்லியாச்சே."

"செஞ்சவர் நீங்க. இன்னும் ஒரு தடவைகூடச் சரியாக் கேக்கல. உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்ங்க. இப்பவாவது சொல்லிடறேன்."

"ம்," என்றார் அவர். உட்கார்ந்தார். டீச்சர் அவர் தோளில் கை வைத்துப் பின்னால் நின்றாள். தம்பி, யாரும் சொல்லாமலே, முதல் பதிவை மறுபடி ஓடவிட்டான்.