முதல் வடை தெருவுக்கு

1
இந்தக் கதை, வடைக்கு வரிசையில் நின்றபோது என் காதில் விழுந்த பேச்சு.

“அக்கா, இன்னிக்கு வடையத் தெருவுல போட்டீங்க, கடை காலி. புது உத்தரவு.”

சொன்னவன் நகராட்சிக் காவலன் அடைல்டன். கேட்டவள் டோர்வலினா. இங்கே பயீயாவில், எங்கள் ஊர்ச் சதுக்கத்தில், செம்பனை எண்ணெயில் காராமணி வடை சுடுகிறவள். முதல் ஈட்டில் சின்னதாக நாலைந்து சுட்டு, வழிகாக்கும் தன் சாமி எஷுவுக்கென்று தெருவில் போடுவாள். அப்புறம்தான் வியாபாரம்.

‘சதுக்கத்தில் வழிபாடு கூடாது.’ பெரும்பான்மையின் மனம் புண்படுகிறதென்று சொல்லி ஜெயித்த மேயரின் முதல் உத்தரவு.

அடிப்படை உரிமை என்பது யாரும்

(அடித்துவிட்டேன். வரிசையில் எவரும் இப்படிப் பேசவில்லை.)

2
பக்கத்துக் கடை நெயூசாவை வில்லியாக்கப் பார்த்தேன். சபைக்காரி. அதே வடையை ‘இயேசு வடை’ என்று விற்கிறவள்.

நெயூசாதான் மேயரிடம் போய்

வரி அங்கேயே நின்றது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“நானா? அவ சாமி எனக்கு ஆகாது, நெசந்தான். அதுக்காகக் கோள் சொல்லிப் பொழைக்கணுமா?”

3
சாயங்காலம் மேயர் அதே சதுக்கத்தில் மேடை ஏறினார். டோர்வலினாவின் எண்ணெய் காய்ந்துவிட்டது.

“போடாம வித்துடுங்கக்கா. பொழப்பாவது ஓடும்,” என்றான் அடைல்டன், அபராதச் சீட்டும் பேனாவுமாக.

“போடாம சுட்டா அது என் வடை இல்ல தம்பி. நீ எழுதுறத எழுது.”

ஒலிபெருக்கி கரகரத்தது. “அன்பான மக்களே, கைகளை உயர்த்துங்கள், ஜெபிப்போம்!” எந்தக் கூட்டத்தையும் அவர் அப்படித்தான் தொடங்குவார், நாக்குப் பழக்கம்.

நெயூசாவின் கையும் தானாக மேலே போனது. பாதியில் இறங்கியது.

“ஏய் அடைல்டா, அங்க என்ன நடக்குது?” மேடையைக் காட்டிக் கேட்டாள்.

“ஜெபம்.”

“இது சதுக்கந்தானே? மொதல்ல அவருக்கு அபராதம் எழுது. அப்புறம் இவகிட்ட வா.”

வரிசை சிரித்தது. பிறகு கத்தியது: “எழுது! எழுது!”

“யாரது அங்கே?” என்றார் மேயர்.

“உங்களுக்கு ஓட்டுப் போட்டவதான் மேயரய்யா! நாளைக்கு வேற சபைக்காரன் அந்த நாற்காலில உக்காந்தா, இதே உத்தரவ வச்சு என் வாய அடைப்பான்ல?”

அடைல்டன் மேடையைப் பார்த்தான், கடையைப் பார்த்தான். பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகினான்.

டோர்வலினா வடைகளைத் தெருவில் போட்டாள். சதுக்கமே கைதட்டியது.

“ரொம்ப நன்றி நெயூசா.”

“நன்றிய நீயே வச்சுக்கோ. உன் வடையில உப்பு பத்தல.”

4
உத்தரவை மேயரே வாபஸ் வாங்கினாரா, நீதிமன்றம் தூக்கி எறிந்ததா? உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவு நிலைத்துவிட்டதாகவும் ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். அதைப் பேச ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.